புளி போட்டுத் தேய்த்த இரட்டைக் குழல்

ஹலோ... ஹலோ... யாரு, ராகேஷா? தம்பி, நான் கே.ஜி.எஃப் ராபர்ட்சன்பேட்டை பாத்திரக்கடை சிவப்பிரகாசம் பேசறேன்... ஆமா, ஆமா, இங்கிலீஷ் துப்பாக்கி சிவப்பிரகாசம். பெங்களூர்ல துப்பாக்கி ரிப்பேர் பண்ற உனக்கு வேற எத்தினி சிவப்பிரகாசம் கீறாங்க?... நல்லா கீறேன், நல்லா கீறேன். அதெல்லாம் அப்பால. கையில சுத்தி, ஸ்பேனரு எதுனா வெச்சிருந்தா மொதல்ல கீழ வெய்யி. நான் சொல்றத கேட்டா கால்ல போட்டுக்குவே.

என் பொண்டாட்டி சௌந்தரம் துப்பாக்கியைப் புளி போட்டு தேச்சுட்டா.

ஹலோ?... லைன்ல கீறியா?... புளிப்பா. ரசத்துக்கு கரைக்கற புளி. புளி, கல்லுப்பு, தேங்கா நாரு. கடைசியில சுடுதண்ணி ஊத்தி அலம்பி, வெயில்ல வேற காய வெச்சிருக்கா, குத்துவிளக்கு வெக்கற மாதிரி... நான் கடையில கீறேன்ப்பா, மாடியில நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்? லாக்கர் சாவி அவ கையிலதான் கீது. எங்க வூட்டுல எல்லா சாவியும் அவ கையிலதான். நான் சும்மா லைசென்ஸ்ல கையெழுத்து போட்டவன்.

சிரிக்காதே... சிரிக்கலியா? சரி. சிரிக்கற மாதிரி கேட்டுது.

ஏன் தேச்சாளா? உன்னாலதான். ஆமா, உன்னாலதான். ரிப்பேர் முடிச்சு என் கையில குடுக்கும்போது நீ இன்னா சொன்னே? 'அண்ணே, இந்த பிரவுன் கலரு பெயிண்ட்டு இல்ல. பக்குவமா துரு ஏத்தி, தேச்சு, திரும்ப ஏத்தி, வாரக்கணக்குல செஞ்சது. பழைய இங்கிலீஷ்காரன் மொறை'ன்னு சொன்னியா இல்லியா? நானும் பெருமையா அவகிட்ட அப்படியே சொன்னேன். அவ காதுல துருன்ற வார்த்தை மட்டும்தான் போயிருக்கு. பாத்திரக்கடை வூட்டுல வந்து அந்த வார்த்தையை சொல்லலாமா? பொறந்ததுலேருந்து களிம்பு, துரு, கறை இதுங்களோட சண்டை போட்டுகினு கீறவ அவ.

அதுவும் இன்னிக்குன்னு பாத்து. எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்க இல்ல, லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. ரிசல்ட் வந்த அப்பாலதான் திருப்பி குடுப்பாங்க... அத்தான் சொல்ல வர்றேன். அவ இன்னா நெனச்சா, 'நாலு பேரு பாக்கற எடத்துக்கு போவுது, பாத்திரக்கடைக்காரன் வூட்டுப் பொருளு துரு புடிச்சு போனா நம்ம மானம் இன்னா ஆவும்'னு. நல்ல எண்ணந்தான். நல்ல எண்ணத்துல துப்பாக்கி வெள்ளை வெளேர்னு நிக்குது. அலுமினியம் பைப்பு மாதிரி.

சுந்தரராஜ் வருவான்ப்பா அங்க. வெல்ல மண்டி சுந்தரராஜ். அவனும் இன்னிக்குத்தான் ஒப்படைக்கறான், என்னுது மாதிரி ரெட்டைக் குழல் இல்ல, ஒத்தை பேரல், நம்ம நாட்டு சரக்கு. ரெண்டு மாசமா அவன்கிட்ட நான் பீத்திகினது கொஞ்சநஞ்சம் இல்ல. 'பேரல் மேல ரேகை ரேகையா ஓடும், ஜிலேபி சுத்தின மாதிரி, நீ பாத்தியா, உங்க தாத்தா பாத்தாரா'ன்னு. இப்போ நான் இத்த எடுத்துகினு போயி நின்னா, 'இன்னா சிவப்பிரகாசம், ஓட்டலுக்கு தண்ணி பைப்பு சப்ளை பண்றியா'ன்னு கேப்பான். அதனால தம்பி, சாயங்காலத்துக்குள்ள அந்த பிரவுன் கலரு திரும்பி வர்றதுக்கு எதுனா தைலம், மருந்து...

இன்னா?... மேலயா, கீழயாவா?

எல்லா பக்கமும்தான் தேச்சிருக்கா. அவ தேச்சா பாதியில விடறவ இல்ல... கழட்டித்தான் தேச்சா. தோள்ல வெக்கற கட்டை தனி, பேரல் தனி. நீதானே கழட்டறது எப்படின்னு எங்க ரெண்டு பேருக்கும் காட்டிக் குடுத்தே?... ஆமா, பேரலுக்கு அடிப்பக்கமும்தான். ஏன், அடிப்பக்கம் இன்னா?... ஒண்ணும் இல்லியா. சரி.

இரு, நான் கொஞ்சம் உள்ள போறேன். நடந்துகினேதான் பேசறேன், ஒரு எடத்துல நிக்க முடியல. காலையிலேருந்து மைன்ஸ் கழிவு மண்ணு கொட்டி வெச்ச சைனைட் மேட்டுக் காத்து வேற, பாத்திரத்து மேல எல்லாம் சாம்பல் பூசின மாதிரி அப்பிகினு கீது.

சொல்லு... ஸ்டேஷன்ல குடுக்க வேணாமா? அதெப்படி குடுக்காம இருக்க முடியும்?... நீ வந்து எடுத்துகினு போறியா? இன்னிக்கேவா? இப்பவேவா?... கூலி வேணாமா?

தம்பி, ராகேஷ். போன மாசம் கட்டையில ஒரு ஸ்க்ரூ லூசா கீதுன்னு கூப்பிட்டேன். 'அண்ணே, தலைக்கு மேல வேல, அடுத்த மாசம் பாக்கலாம்'னே. இப்போ நான் கேக்காமயே, கூலி இல்லாம, கே.ஜி.எஃப்புக்கு ஓடி வர்றேன்றே... அக்கறையா. சரி, அக்கறை. எங்க அப்பா கல்லாவுல உக்காந்துகினு ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாரு. வித்தவன் தானா வந்து சரக்கைத் திருப்பி எடுத்துக்கறேன்னா, சரக்கை இன்னொரு தபா நல்லா பாருன்னாரு.

இரு இரு, கஸ்டமர்... வாங்க சரோஜம்மா. குடத்த மாத்தணுமா? அப்படி வெய்யுங்க... தம்பி, லைன்லயே இரு, வெச்சிடாதே... புதுசு மாதிரிதான் கீதா? நீங்க சொன்னா சரிதாம்மா. ஒரு தட்டு தட்டி பாத்துக்கறேன்... ம்ம். கேட்டுதா, டொப்புன்னுது? கழுத்துல கீறல், உள்ள ஈயம் வெச்சு மூடியிருக்காங்க. நீங்க மூடல, சரி, யாரோ மூடியிருக்காங்க. உங்க மேல தப்பு சொல்வேனா? குடத்து மேலதான் சொல்றேன். செத்த உக்காருங்க, மோர் குடிங்க. சௌந்தரம், சரோஜம்மாவுக்கு மோர் குடு, அந்த அன்னக்கூடையையும் காட்டு.

ராகேஷ்.

தம்பி, ஒரு நிமிஷம் பேசாம இரு. எனக்கு இப்போ ஒண்ணு தோணுது... வேணாமா? நான் இன்னா பண்ணப் போறேன்னே சொல்லல, அதுக்குள்ள வேணாம்ன்றே?

இங்க குடோனுல வேட்டியில சுத்தி வெச்சிருக்கேன். பிரிக்கறேன். கதவை சாத்திட்டேன். இப்போ பேரலை மட்டும் அதோட அடிக் கொக்கியில விரலு மாட்டி தொங்க விடறேன். போனை ஸ்பீக்கர்ல போட்டாச்சு. நல்லா கேட்டுக்கோ.

...கேட்டுதா?

இன்னொரு தபா தட்டறேன்... கேட்டுதா? டொக்கு. அவ்ளோதான். டொக்குன்னு சொல்லிட்டு படுத்துடுச்சு.

உன் கடையில குடுக்கும்போது, உன் மேஜை மேலயே தட்டிக் காட்டினேன், ஞாபகம் கீதா? கணீர்னு எழும்பி, அப்படியே இழுத்துகினு போச்சு. 'அண்ணே, கோயில் மணி மாதிரி கீது'ன்னு நீயே சொன்னே. அப்பால ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அந்த மணி எங்க?... புளி பட்டதால சத்தம் போச்சா?

தம்பி, நான் இன்னா வியாபாரம் பண்றேன்னு மறந்துட்டியா? புளி போட்டா பித்தளை சத்தம் கொறையுமா? அப்படின்னா இந்த ஊர்ல ஒரு வூட்டுலயும் பூஜை மணி அடிக்காது.

சரி, சத்தத்த விடு. ரேகை எங்க?... அதுவும் புளியில போச்சா? நீதானே எனக்கு பாடம் எடுத்தே, 'இரும்புக்கம்பியும் எஃகுக்கம்பியும் சேத்து முறுக்கி, அடிச்சு, சுத்தி செஞ்சது அண்ணே, அதனாலதான் ரேகை'ன்னு. உள்ளயே முறுக்கி அடிச்சது புளியில எப்படி போவும்? மருதாணி போவும், கை ரேகை போவுமா? ஜன்னல் கிட்ட வெச்சு திருப்பித் திருப்பி பாக்கறேன். மொழுக்குன்னு கீது. ஒத்த ரேகை இல்ல... நான் கத்தல. நான் கத்தினா உனக்கு போனே தேவைப்படாது.

இப்போ தெரியுது, நீ ஏன் கீழயா மேலயான்னு கேட்டேன்னு. டார்ச் அடிக்கறேன்... அடியில கருப்பு மெழுகு மாதிரி எதையோ அப்பி வெச்சிருக்கே. சுடுதண்ணியில உருகி ஓரத்துல மட்டும் ஒட்டிகினு கீது. அதுக்குள்ள நம்பரு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்... எங்க நம்பரு நாலுல முடியும். லைசென்ஸ்ல நாலு. கட்டையோட இரும்புல நாலு. இதுல ஏழு. முன்னாடி கீறதும் வேற.

ராகேஷ். இது என் பேரல் இல்ல.

...

பேசு. நான் சும்மா இருக்கும்போதே பேசிடு.

...

ம்ம்... ம்ம்... யாரு?... சக்லேஷ்பூர் காப்பி எஸ்டேட்காரரு. சரி... அவரு கிட்ட அதே மாதிரி துப்பாக்கி, பேரல் ஓட்டை. சரி... உன் கடையில என்னுத பாத்துட்டு ஆசைப்பட்டாரு. ஆசைப்படட்டும், நானும் எத்தினியோ ஆசைப்படறேன்... அதனால உன் பழைய சாமான்ல கெடந்த ஒரு பேரலை உரசி உரசி என் கட்டையில உக்கார வெச்சு, மேல ரேகை வரைஞ்சு, துரு ஏத்தி... ரேகையை கையாலயா வரைஞ்சே? நல்ல கைதான். அந்த கைக்கு வேற வேல குடுத்திருக்கலாம்.

துப்பாக்கியை மடக்கி மூடும்போதே கரகரன்னு வருதேன்னு கேட்டேனே. புதுசா பூட்டினது, பழகினா சரியாயிடும்னே. நானும் நம்பி தெனம் பத்து தபா தொறந்து மூடி பழக்கிகினு கீறேன்.

இன்னா சொன்னே? திருப்பி சொல்லு... 'நீங்க சுடப்போறதில்லியே அண்ணே, சுவத்துல அழகுக்குத்தானே'ன்னு நெனச்சியா?

ஏம்ப்பா, நான் விக்கற குத்துவிளக்குல பாதி விளக்கு ஏத்தறதே இல்ல. ஷோகேஸ்லதான் நிக்குது. அதுக்காக அடியில ஓட்டை வெச்சு விப்பேனா? என்னிக்கோ ஒரு நாள் எவனாவது எண்ணெய் ஊத்துவான் இல்ல? உன் பேரல்ல எவனாவது தோட்டா போட்டு சுட்டிருந்தா? அவன் கண்ணு, கையி? லைசென்ஸ்காரன் நான்தானே போயி நிக்கணும்?

அது கூட அப்பால. இன்னிக்கு சாயங்காலம் பாரு. ஸ்டேஷன் ரைட்டரு ரெண்டு எடத்துலயும் நம்பரு பாத்துட்டுத்தான் எழுதுவாரு. கட்டை என்னுது, பேரல் யாரோடதோ. லைசென்ஸ் இல்லாத பேரல் என் வூட்டுல. நான் இன்னா சொன்னாலும் மொதல்ல உள்ள உக்கார வெச்சிட்டுத்தான் கேப்பாங்க. அறுபது வயசுக்கு மேல, ஒரு பாத்திரக்கடைக்காரன், துப்பாக்கி கேசு. பஜார்ல சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. துப்பாக்கி அப்பால என் கைக்கு வருமா? எங்க தாத்தா அந்தக் காலத்துல தங்க மைன்ஸ்ல இருந்த ஒரு வெள்ளைக்கார துரைக்கு குளிக்கற செம்பு அண்டாவைக் குடுத்து மாத்தினது. வெள்ளைக்காரன் அண்டாவ கப்பல்ல ஏத்திகினு போனான், இவரு துப்பாக்கியோட வூட்டுக்கு வந்தாரு. ரெண்டு பேருல யாரு ஏமாந்தான்னு எங்க வூட்டுல இன்னும் பஞ்சாயத்து முடியல. அதுக்குள்ள நீ மூணாவது ஆளா பூந்துட்டே.

அழாதே... அழாதேப்பா. நீ அழுதா எனக்கு கணக்கு தப்புது.

என் பேரல் எங்க கீது? அத்த மட்டும் சொல்லு... உன் கடையிலயா? இன்னும் அவரு எடுத்துகினு போகலியா? நாளைக்கு வர்றாரா?

நிஜமா?... உங்க அப்பா துரையண்ணன் மேல சத்தியம்லாம் வேணாம். அவரை விட்டுடு. இங்க கோரமண்டல் ஏரியாவுல மைன்ஸ் பென்ஷன் வாங்கிகினு நிம்மதியா கீற மனுஷன், கடைக்கு வந்தா கூட நின்னுகினே பேசறவரு. அவரை எதுக்கு இதுல இழுக்கறே? சத்தியத்த நான் எங்க போயி தட்டிப் பாக்கறது? பேரலை தட்டு. இப்பவே. போன் பக்கத்துல தொங்க விட்டு தட்டு. நான் கேக்கறேன்... வீடியோ வேணாம். ரேகை வரையறவன் கிட்ட படம் பாத்து இன்னா பண்றது? சத்தம் குடு.

...

இல்ல. இது என்னுது இல்ல. இது சைக்கிள் பம்பு.

...தப்பா எடுத்துட்டியா. சரி, சரியா எடு.

...

ம்ஹூம். இதுவும் இல்ல. கொஞ்சம் நல்ல ஜாதி, ஆனா எங்கியோ நசுங்கியிருக்கு, ஒரு பக்கமா இழுக்குது. ராகேஷ், என் பொறுமையும் ஒரு பக்கமா இழுத்துகினு கீது. பீரோவைத் தொற. பூட்டி வெச்சிருப்பே இல்ல, அந்த பீரோ.

...

இன்னொரு தபா.

...

இரு. பேசாதே. அடங்கட்டும்.

...அத்தான். அத்தான்ப்பா. இன்னும் கேக்குது பாரு. சௌந்தரம், இங்க வா... வந்து இத்த கேளேன். ராகேஷ், இன்னொரு தட்டு தட்டு... கேட்டியா? நம்ம வூட்டுது... இவ சொல்றா, இது நம்ம வூட்டுதுன்னா மேல வெயில்ல காஞ்சது யாருதுன்னு. அப்பால சொல்றேன், நீ சரோஜம்மாவைப் பாரு.

தம்பி, இப்போ கேட்டுக்கோ. அந்த பேரலை துணியில சுத்து. உன் கடை லைசென்ஸ் காப்பி, என்னுத ரிப்பேருக்கு எடுத்துகினதுக்கு நீ குடுத்த ரசீது காப்பி, ரெண்டும் எடு. ரயிலுக்கு நிக்காதே, பங்காருபேட்டையில மாறிகினு, மாரிகுப்பம் வண்டிய புடிச்சுகினு, அதெல்லாம் ஆவாது. கார் எடு. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு வா. ஆறு மணிக்குள்ள வந்தா... இன்னா?

எஸ்டேட்காரருக்கு இன்னா பதில் சொல்றதா? அது உன் கஷ்டம். எனக்கு சொன்ன மாதிரி அவருக்கும் எதுனா சொல்லு, உனக்கா வராது?

இரு... இரு இரு. கடைப் பக்கம் வந்து பாக்கறேன்... வாசல்ல இன்னா வண்டி?

ராகேஷ், ஜீப்பு. ஸ்டேஷன் ஜீப்பு. ரைட்டரும் கூட ஒருத்தரும் எறங்கறாங்க. பஜார்ல லைசென்ஸ்காரங்க கடைக்கே வந்து வாங்கிகினு போறாங்க போல கீது. சுந்தரராஜ் கடையில குடுத்துட்டான், மண்டி வாசல்ல நின்னுகினு இங்கதான் கை காட்டறான்... வாங்க சார், பன்னி, கூத்கொள்ளி, உக்காருங்க. எரடு நிமிஷா, ரெண்டே நிமிஷம். போன்ல அந்த துப்பாக்கி விஷயந்தான் பேசிகினு கீறேன்... ஆமா சார், ஆமா, ரெடி. சௌந்தரம், சாருக்கு மோர்.

சொல்லு, சீக்கிரம் சொல்லு... அப்படியே குடுத்துடறதா? நம்பரை யாரும் பாக்க மாட்டாங்களா? அவரு கண்ணாடிய தொடைச்சுகினு உக்காந்திருக்காருப்பா. கையில பெரிய ரிஜிஸ்டரு. பாக்கறதுக்குன்னே வந்த மனுஷன்.

ஒளிச்சு வெக்கறதா? எங்க, அண்டாக்குள்ளயா? எனக்கு ஒளிக்கத் தெரியாது தம்பி. கடைக்காரனுக்கு சரக்கை எடுத்துக் காட்டித்தான் பழக்கம்.

கேளு. மெதுவா சொல்றேன், நல்லா கேளு. கட்டையை எடுத்து அவரு முன்னாடி வெக்கப் போறேன். உன் பேரலையும் வெக்கப் போறேன். ரெண்டு நம்பரையும் நானே படிச்சுக் காட்டப் போறேன், அவரு கேக்கறதுக்கு முன்னாடியே. அப்பால சொல்லப் போறேன், 'சார், ரிப்பேருக்கு குடுத்தேன். வேற ஒருத்தரு பேரலை இதுல தப்பா மாட்டிட்டாங்க. இன்னிக்குத்தான் பாத்தேன். என்னுத எடுத்துகினு ஆளே வந்துகினு கீறாரு'ன்னு.

தப்பா மாட்டிட்டாங்க. நல்லா கேட்டுக்கோ. மாட்டிட்டாங்கன்னுதான் சொல்லுவேன். ஆறு மணி வரைக்கும் அதான் வார்த்தை. ஆறு மணிக்கு நீ ஸ்டேஷன்ல நின்னா, அதுவே நெஜம், நீ ரிப்பேர்காரன், நான் உன் கஸ்டமர். நீ நிக்கலேன்னா ஒரே ஒரு எழுத்தை திருத்திடுவேன். மாட்டிட்டாங்க இல்ல சார், மாத்திட்டாங்கன்னு. உன் லைசென்ஸ் அந்த ஒத்த எழுத்துல தொங்குது.

...மெரட்டல் இல்லப்பா. வெல சொல்றேன். இது கடைசி வெல.

போனை வெக்காதே. மேஜை மேல தொறந்தே வெக்கறேன், நான் சொல்றத நீயே கேட்டுகினு வா.

வந்துட்டேன் சார். இதோ, கட்டை. நம்பரு இங்க கீது பாருங்க, நாலுல முடியுது. இது பேரல். இதுல ஏழு. ஆமா சார், வேற வேறதான். நானே சொல்றேன், உக்காருங்க. ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன், ரசீது இதோ கீது. அங்க தப்பா...

ஒரு நிமிஷம் சார். ராகேஷ், இன்னா சத்தம் அது? ஷட்டர் எறக்கறியா?... எறக்கிட்டு?... கார்ல ஏறிட்டியா. கையில?... தட்டு. ஒரு தட்டு, அவ்ளோதான்.

...

ம்ம். வா.

ஆமா சார், தப்பா மாட்டிட்டாங்க... இல்ல இல்ல, மாத்திட்டாங்க இல்ல. மாட்டிட்டாங்க. கன்னடத்துல எழுதும்போது பாத்து எழுதுங்க சார், ரெண்டும் ஒண்ணாயிடப் போவுது. பென்சில் இருந்தா பென்சில்லயே எழுதுங்களேன், ஆறு மணிக்கு மேல வேணும்னா பேனாவுல போட்டுக்கலாம்... கேட்டுகினியா தம்பி? சரி, வண்டிய பாத்து ஓட்டு. வெச்சிடறேன்.